ஒரு ஃபார்ம் வரிக்குள் போன மூன்று வருடம்

ஆஸ்திரேலியாவின் சிற்றூர்ப் பந்தயங்களில் ஓடிய குதிரை ஒன்றில் பத்தில் ஒரு பங்கு என் பெயரில் இருந்தது. 2021 தொடக்கத்தில் வாங்கினேன், 2024 நடுவில் கணக்கு முடிந்தது. பங்கின் விலை, மாதக் கட்டணம், கால்நடை மருத்துவர் செலவு எல்லாவற்றையும் கூட்டி, பரிசாகத் திரும்பி வந்ததைக் கழித்தால், கையைவிட்டுப் போனது ஏறக்குறைய 13,500 டாலர். அதைத் தாங்கிக்கொள்ளலாம். விளக்கம் கேட்க ஓர் ஆள்கூட இல்லாமல் இதைக் கடந்ததுதான் கடினமாக இருந்தது. நம் வீடுகளில் ரேஸ் என்று சொன்னாலே சொத்தை அழித்தவரின் கதைதான் நினைவுக்கு வரும். அதனால் மனைவியைத் தவிர யாரிடமும் பேசவில்லை. கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களோ சிறுவயது முதல் பந்தயத்துக்குப் போய் வளர்ந்தவர்கள். எனக்கு எது புரியவில்லை என்பதே அவர்களுக்குப் புரியாது. இங்கே எழுதுவதெல்லாம் அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை.

நான் இருப்பது விக்டோரியா மாநிலத்தின் எல்லை ஊரான வொடோங்காவில். மர்ரே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் ஆல்பரி, அது நியூ சவுத் வேல்ஸ். வாங்கரட்டா, பெனல்லா, கொரோவா என்று சுற்றிலும் ஒன்று இரண்டு மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய ஊர்களில் பந்தய மைதானங்கள் இருக்கின்றன. மெல்போர்ன் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பந்தயம் என்றால் தொப்பியும் ஷாம்பெயினும் என்று நினைத்திருந்த எனக்கு, இந்த மைதானங்கள் முதல் பார்வையிலேயே பிடித்துப்போயின. தகரக் கூரை போட்ட பார்வையாளர் மேடை, யூகலிப்டஸ் நிழலில் மடக்கு நாற்காலிகள், வேலியில் சாய்ந்து நின்றால் கை எட்டும் தூரத்தில் குதிரைகள். இந்த மண்ணுக்கென்று ஒரு கதையும் உண்டு. குவீன்பியன் ஊரைச் சேர்ந்த டாக்சி ஓட்டுநர் ஜோ ஜானியாக், யாரும் சீந்தாத ஒரு குதிரையை 1,250 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். டேக்ஓவர் டார்கெட் என்ற அந்தக் குதிரை 2004இல் உள்ளூர் மைதானத்தில் தொடங்கி, 2006இல் இங்கிலாந்தின் ராயல் அஸ்காட்டில் கிங்ஸ் ஸ்டாண்ட் பந்தயத்தை வென்றது. பங்கு விற்க வருகிற ஒவ்வொருவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் போவதில்லை. கதை உண்மைதான். ஆனால் அது ஒரு குதிரையின் கதை. ஒவ்வொரு வருடமும் பல்லாயிரம் குட்டிகள் பிறக்கிற நாடு இது.

எனக்குப் பங்கு விற்றவர் உரிமம் பெற்ற ஒரு முகவர். ஒரு வயதுக் குட்டியை ஏலத்தில் வாங்கி, பத்துப் பங்காகப் பிரித்து, பங்குக்கு 5,200 டாலர் என்று விற்றார். அதாவது குட்டியின் மொத்த மதிப்பு 52,000. அதே குட்டி ஏலத்தில் போன விலை 22,000. இடையில் இருக்கிற 30,000இல் பழக்கும் செலவு, வண்டிக் கூலி, காப்பீடு, சில மாதப் பராமரிப்பு எல்லாம் அடங்கும் என்பது அவர் கணக்கு. அடங்காமல் மிஞ்சுவது அவருடைய லாபம். இது சட்டப்படி சரியானதுதான், மறைக்கப்பட்டதும் இல்லை. பொதுமக்களுக்குப் பங்கு விற்கிறவர் நிதிச் சேவை உரிமம் வைத்திருக்க வேண்டும், விவர ஆவணம் ஒன்றும் தர வேண்டும். ஆவணத்தின் முன்பக்கத்தில் குட்டியின் தாய், தகப்பன், பாட்டி வென்ற கோப்பைகள் வண்ணப் படங்களோடு இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டிய ஏல விலை உள்ளே எங்கோ இருக்கும். ஏல நிறுவனங்கள் விற்பனை முடிவுகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஏல எண்ணைக் கேட்டு வாங்கி, குட்டி எவ்வளவுக்குப் போனது என்று நீங்களே பாருங்கள். பிறகு பங்கு விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை ஏல விலையின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், எது எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

வாங்கிய நாள் முதல் மாதாமாதம் பில் வரும். குதிரை லாயத்தில் பயிற்சியில் இருந்தால் என் பத்தில் ஒரு பங்குக்கு 320 டாலர் அளவில், மேய்ச்சல் பண்ணையில் ஓய்வில் இருந்தால் 90 டாலர் அளவில் வந்தது. லாடம், பல் ராவுதல், குடற்புழு மருந்து, எக்ஸ்ரே, வண்டி வாடகை எல்லாம் தனி. நம்முடைய குதிரை ஒரு பந்தயம்கூட ஓடாமல் இரண்டு வருடம் இப்படிப் போகலாம் என்பதை விற்கிறவர் எடுத்துச் சொல்வதில்லை. எங்களுக்கு அதுதான் நடந்தது. இரண்டு வயதில் வேகப் பயிற்சி தொடங்கியதும் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்பில் வலி. இளம் குதிரைகளுக்கு இது மிகச் சாதாரணம். வளர்கிற எலும்பு, வேகத்தின் அதிர்ச்சிக்குப் பழகுவதற்குள் வீங்கிக்கொள்கிறது. மருந்து ஓய்வுதான். பண்ணைக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் வலி, மறுபடியும் பண்ணை. ஆஸ்திரேலியாவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1 அன்றுதான் ஒரு வயது கூடும். எந்த மாதம் பிறந்திருந்தாலும் கணக்கு அப்படித்தான். எங்கள் குதிரை மூன்று வயதைக் கடக்கப்போகிற கட்டத்தில்தான் முதல் பந்தயம் ஓடியது.

அதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. பந்தயம் போலவே தொடக்கக் கோட்டின் கதவுக்குள் நிற்கவைத்து, எட்டுப் பத்துக் குதிரைகளை ஒன்றாக ஓடவிடுவார்கள், பரிசோ பந்தயப் பணமோ கிடையாது. அதில் எங்கள் குதிரை முதலாவதாக வந்தது. காணொளி வந்தபோது வீட்டில் மனைவியோடு திரும்பத் திரும்பப் பார்த்தேன். சில மாதம் கழித்துத்தான், அதே காணொளியில் பின்னால் வந்த குதிரைகளின் ஜாக்கிகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கைகள் அசையவே இல்லை. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்து, குதிரையை வெறுமனே சுற்றிவரச் செய்திருக்கிறார்கள். எங்கள் ஜாக்கி மட்டும் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். சோதனை ஓட்டத்தில் எத்தனையாவது என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. யார் கையை அசைக்காமல் எளிதாக வருகிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

இனி தலைப்பில் சொன்ன அந்த வரிக்கு வருகிறேன். ஃபார்ம் கைடு என்று இங்கே சொல்கிற பந்தய ஏட்டில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் பக்கத்தில் சில எண்கள் இருக்கும், முந்தைய ஓட்டங்களின் பதிவு. அதுதான் ஃபார்ம் வரி. இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கடைசியாக ஓடியது வலது ஓரத்தில் இருக்கும். எண் என்பது எத்தனையாவதாக வந்தது என்பது. பத்தாவதும் அதற்குப் பின்னும் வந்தால் 0 என்று போடுவார்கள். எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் குதிரை மூன்று மாதமோ அதற்கு மேலோ ஓடவில்லை என்று பொருள். எங்கள் குதிரையின் வாழ்நாள் வரி இது: 7, 4, 9, 2, 0, எக்ஸ், 5. அதற்கு மேல் எதுவும் இல்லை. பந்தயம் கட்டுகிறவர்கள் இந்த வரியை ஒரு நொடி பார்த்து அடுத்த குதிரைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஓர் உடம்பு பட்டது இருக்கிறது. அது எண்ணில் தெரியாது. தெரிந்துகொள்ள வேறு வழிகள் இருக்கின்றன, அவை எல்லாம் இலவசம்.

முதல் 7. வாங்கரட்டாவில், ஒருமுறைகூட வெல்லாத குதிரைகளுக்கான மெய்டன் பந்தயம், 1,100 மீட்டர், பதினொரு குதிரைகள். ஏழாவது என்று கேட்டதும் மனம் ஒடிந்தது. பங்காளிகள் குழுவில் ஒருவர் அன்றிரவே விற்றுவிடலாம் என்று எழுதினார். மறுநாள் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளின் அறிக்கை இணையத்தில் வெளியானது. ஒவ்வொரு பந்தய நாளுக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் இந்த அறிக்கை வரும். அதில் எங்கள் குதிரைக்கு ஒரு வரி: கதவிலிருந்து தாமதமாகக் கிளம்பியது, வளைவில் மறைப்பு இல்லாமல், அதாவது முன்னால் காற்றைத் தடுக்க வேறு குதிரை இல்லாமல், வெளிப்புறமாக ஓடியது. வென்ற குதிரைக்குப் பின்னால் நான்கு நீளத்துக்கும் குறைவு. ஒரு நீளம் என்பது குதிரையின் மூக்கு முதல் வால் வரை, ஏறக்குறைய இரண்டரை மீட்டர். தொடக்கத்திலேயே இரண்டு நீளம் இழந்து, வளைவு முழுவதும் மற்றவர்களைவிட அதிக தூரம் ஓடிய குதிரை நான்கு நீளத்துக்குள் முடித்தால் அது நல்ல ஓட்டம். ஸ்டூவர்ட் அறிக்கையைப் படிக்கிற பழக்கம் அன்றுதான் ஏற்பட்டது. பந்தயத்துக்குப் போகிற எவருக்கும் நான் சொல்கிற முதல் விஷயம் இதுதான்: முந்தைய ஓட்டத்தின் அறிக்கையையும் மறு ஒளிபரப்பையும் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். ரேசிங் டாட் காம் தளத்தில் விக்டோரியப் பந்தயங்களின் காணொளிகள் பணம் கட்டாமல் கிடைக்கின்றன.

அடுத்த 4 இதற்கு நேர்மாறு. ஏழிலிருந்து நான்குக்கு முன்னேறிவிட்டான் என்று குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உண்மையில் அது மோசமான ஓட்டம். குளிர்கால மழையில் தரை சேறாகிக் கிடந்தது. இங்கே தரைக்கு 1 முதல் 10 வரை எண் கொடுப்பார்கள். 1, 2 என்றால் மிகக் கெட்டி, 3, 4 நல்ல தரை, 5 முதல் 7 வரை மென்மை, 8 முதல் 10 வரை கனத்த சேறு. அன்று 8. காலையில் பல குதிரைகளை விலக்கிக்கொண்டார்கள், மிஞ்சியது ஏழு. அந்த ஏழில் நான்காவதாக, முதல் குதிரைக்கு ஒன்பது நீளம் பின்னால் வந்தான். சேற்றில் கால் புதையும்போது அவன் தலை மேலும் கீழும் ஆடியது காணொளியில் தெரிகிறது. எத்தனையாவது என்பதைவிட எத்தனை நீளம் பின்னால், எந்தத் தரையில், எத்தனை குதிரைகளுக்கு நடுவில் என்பதைப் பாருங்கள். இந்த ஏழு என்ற எண்ணிக்கை பணம் கட்டுகிறவர்களுக்கும் முக்கியம். கட்டிய பணத்தையெல்லாம் ஒன்றுசேர்த்து வென்றவர்களுக்குப் பிரித்துத் தருகிற டோட்டில், குதிரை முன்னணி இடங்களில் வந்தால் போதும் என்கிற பிளேஸ் டிக்கெட் வாங்கினால், எட்டோ அதற்கு மேலோ குதிரைகள் ஓடினால்தான் மூன்றாம் இடத்துக்குப் பணம். ஐந்து முதல் ஏழு வரை என்றால் முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும். நான்கும் அதற்குக் கீழும் என்றால் பிளேஸ் கிடையாது. அன்று எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் மூன்றாவதாக வந்த குதிரையின் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் வாதாடிக்கொண்டிருந்தார். மழை நாளில் விலகல்களைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

9 வந்த கதை இந்த எல்லைப் பகுதிக்கே உரியது. விக்டோரியாவில் குதிரைகள் இடப்பக்கமாகச் சுற்றி ஓடும், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக. நியூ சவுத் வேல்ஸில் வலப்பக்கமாக. வொடோங்கா மைதானத்துக்கும் ஆல்பரி மைதானத்துக்கும் நடுவே ஓர் ஆறுதான் இருக்கிறது, ஓடும் திசை மாறிவிடுகிறது. எங்கள் குதிரை பழகியதெல்லாம் இடப்பக்கம். ஆல்பரியில் வலப்பக்க வளைவுக்கு வந்தபோது வெளிப்பக்கமாக நழுவிக்கொண்டே போனது. ஜாக்கி கடிவாளத்தை வலப்பக்கம் இழுத்து இழுத்து, வேகப்படுத்த ஒரு வாய்ப்பும் இல்லாமல் வந்து சேர்ந்தார். இறங்கியதும் எங்களைப் பார்த்து அவர் சொன்னது, "இவனுக்கு இந்தப் பக்கம் வேண்டாம்" என்ற ஒரே வாக்கியம். அதற்கு 9 என்று போட்டுவிட்டார்கள். எல்லை மாவட்டங்களில் ஃபார்ம் பார்க்கிறவர்கள் எந்த மாநிலத்து ஓட்டம் என்று பார்த்தாலே பல 9களும் 0க்களும் விளங்கிவிடும்.

எண்ணில் வராத நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் கொடுத்த குதிரைகள் அதிகமானால் சிலவற்றைக் கழித்துவிடுவார்கள். எங்கள் குதிரை அப்படிக் கழிபட்டதுண்டு, எமர்ஜென்சி என்ற காத்திருப்போர் பட்டியலில் இருந்து, யாரும் விலகாததால் லாயத்துக்கே திரும்பியதும் உண்டு. ஓர் ஊரில் கதவுக்குள் நுழைந்த பிறகு பக்கத்துக் குதிரை உதைத்துக் கலவரம் செய்ய, எங்களுடையது முட்டிக்கொண்டது. மருத்துவர் பார்த்து, கடைசி நிமிடத்தில் விலக்கினார். இன்னொரு நாள் மூன்று பந்தயம் முடிந்ததும் வளைவில் தரை வழுக்குகிறது என்று ஜாக்கிகள் சொல்ல, மீதி நாளையே ரத்து செய்துவிட்டார்கள். எங்களுடையது ஐந்தாவது பந்தயம். எல்லா நாளும் வண்டிக் கூலி பில்லில் வந்தது. நான் வேலையில் விடுப்பு எடுத்ததும் அப்படியே போயிற்று. குதிரையின் பாதுகாப்புக்காக விலக்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெயர் கொடுத்தாயிற்று என்று செய்தி வந்ததுமே விடுப்பு எடுக்காதீர்கள். இறுதிப் பட்டியல் வந்து, அன்று காலை விலகல்களும் வெளியான பிறகு கிளம்பினால் போதும்.

2 வந்த நாள் எங்களுக்குத் திருவிழா. பெனல்லாவில், நல்ல தரையில், அரை நீளத்தில் முதலிடம் போயிற்று. பரிசில் பயிற்சியாளருக்குப் பத்து விழுக்காடு, ஜாக்கிக்கு ஐந்து விழுக்காடு போக மீதி பத்துப் பேருக்கு. என் பங்காக வந்தது ஒன்றரை மாதப் பயிற்சிக் கட்டணத்தை ஈடுகட்டியது. இதைக் கசப்போடு சொல்லவில்லை, அன்று நான் அழுதேவிட்டேன். ஆனால் மெய்டன் பந்தயத்தில் இரண்டாவது இடம் என்பது இத்தனை மாதச் செலவுக்கு ஈடு என்று முன்பே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால், அந்த மகிழ்ச்சியில் அடுத்த குட்டியிலும் பங்கு வாங்கிவிட மாட்டீர்கள். அதே வாரம் முகவர் அழைத்தார். எங்கள் குழுவில் இருவர் வாங்கினார்கள்.

பிறகு வந்தது 0. 2023 வசந்தத்தில், ஓர் ஊரின் கோப்பை நாள். வருடத்தில் அந்த ஒரு நாள் ஊரே மைதானத்தில் இருக்கும். மற்ற பங்காளிகள் மெல்போர்னிலும் சிட்னியிலும் இருந்தார்கள், வர முடியவில்லை. நான் மட்டும் போனேன். முந்தைய ஓட்டத்தால் பந்தயம் கட்டுகிறவர்களிடம் எங்கள் குதிரைக்கு மதிப்பு கூடியிருந்தது. நானும் 200 டாலர் கட்டினேன். பந்தயத்தில் பாதி தூரம் வரை இரண்டாவது இடத்தில் எளிதாக வந்துகொண்டிருந்தவன், வளைவு திரும்பியதும் நின்றுவிட்டது போலப் பின்வாங்கினான். ஒவ்வொரு குதிரையாக அவனைக் கடந்து போயிற்று. கடைசியாக வந்தான். ஜாக்கி தலையை மட்டும் அசைத்துவிட்டு எடை பார்க்கப் போய்விட்டார். நான் குளிப்பாட்டும் இடத்துக்குப் போனேன்.

லாயத்துப் பெண் குழாயைத் திறந்து அவன் கழுத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வியர்வை நுரையாக வழிந்தது. விலா எலும்புகள் விரிந்து விரிந்து சுருங்கின. அதுவரை தலையை உயர்த்தியே நின்றவன், மூச்சு கொஞ்சம் தணிந்ததும் தலையைத் தாழ்த்தினான். சிமென்ட் தரையில் ஓடிய தண்ணீரில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்து கரைந்தது. பிறகு இன்னொன்று. அந்தப் பெண் குழாயைக் கீழே போட்டுவிட்டு வெள்ளைத் துண்டால் ஒரு நாசியைத் துடைத்தார், சிவப்பு. துண்டைத் திருப்பி மற்றொன்றைத் துடைத்தார், அதுவும் சிவப்பு. "இரண்டிலும் வருகிறது" என்று என்னிடம் சொல்லிவிட்டு மருத்துவரைக் கூப்பிட ஓடினார். அவர் குரல் உடைந்திருந்தது. கயிறு என் கையில் இருந்தது. அவன் மூக்கை என் சட்டையில் உரசிக்கொண்டு நின்றான். அவன் செத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

சாகவில்லை. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, நுரையீரலிலிருந்து வந்த ரத்தம்தான் என்று உறுதிசெய்தார். முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரலின் நுண் ரத்தக்குழாய்களில் அழுத்தம் மிக அதிகமாகி அவை வெடித்துக் கசிகின்றன. பந்தயக் குதிரைகளில் பலவற்றுக்கு உள்ளே கொஞ்சம் கசியும், வெளியே தெரியாது. இரு நாசியிலும் வெளியே வந்தால் மட்டும் அது பதிவாகும். ஆஸ்திரேலிய விதி இதில் கண்டிப்பானது. முதல் முறை என்றால் இரண்டு மாதம் வேகமாக ஓட்டக் கூடாது, மூன்று மாதம் பந்தயம் கூடாது, திரும்பும் முன் ஸ்டூவர்ட் முன்னிலையில் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டாவது முறை வந்தால் வாழ்நாள் தடை. பயிற்சியில் வந்தாலும் அறிவிக்க வேண்டும், அதுவும் கணக்கில் சேரும். ரத்தக் கசிவைத் தணிக்கிற ஃபுரோசமைடு மருந்தை அமெரிக்காவில் நெடுங்காலம் பந்தய நாளிலேயே கொடுத்துவந்தார்கள், இங்கே பந்தய நாளில் அனுமதி இல்லை. இந்த விதிகள் குதிரைக்கு நல்லவை என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் பங்கு வாங்குகிற ஒருவருக்கு, எந்த நிமிடமும் இரண்டு சொட்டு ரத்தத்தில் எல்லாம் முடிந்துபோகலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். காப்பீடு பெரும்பாலும் குதிரை இறந்தால் மட்டும் பணம் தரும். ஓட முடியாமல் போவதற்கு எங்கள் பத்திரத்தில் ஒரு காசும் இல்லை.

அன்று வீட்டுக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தபோது கட்டிய 200 டாலர் நினைவிலேயே இல்லை. அதற்கு முந்தைய மாதங்களில் அது வேறு விதமாக இருந்தது. சொந்தக் குதிரை ஓடாத சனிக்கிழமைகளிலும் மற்ற பந்தயங்களில் கைப்பேசியில் பணம் கட்டிக்கொண்டிருந்தேன், ஃபார்ம் கற்றுக்கொள்கிறேன் என்ற பெயரில். குதிரையில் பங்கு இருக்கிற பலருக்கு இது நடக்கிறது. அந்த வாரமே பெட்ஸ்டாப்பில் பதிவுசெய்துவிட்டேன். 2023 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் தேசியப் பதிவேடு அது. ஒருமுறை பெயர் கொடுத்தால் இணையத்திலும் தொலைபேசியிலும் பந்தயம் வாங்குகிற உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. குறைந்தது மூன்று மாதம், வேண்டுமானால் வாழ்நாள் முழுவதும். மைதானத்திலும் கடையிலும் நேரில் கட்டுவதை அது தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1800 858 858 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நம்மவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இந்த எண்ணைத் தவிர்க்கிறார்கள், தவிர்க்க வேண்டாம்.

எக்ஸ் என்ற ஒற்றை எழுத்துக்குள் எங்களுக்குப் பண்ணைச் செலவு, பரிசோதனைகள், காத்திருப்பு எல்லாம் இருந்தன. ஏட்டில் எக்ஸ் பார்க்கும்போது, ஓய்வுக்காகத் தானாகப் போன குதிரையா, காயத்தாலோ ரத்தத்தாலோ போனதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஓட்டத்தின் ஸ்டூவர்ட் அறிக்கை அதையும் சொல்லிவிடும். குழுவில் ஒருவர் இந்தக் காலத்தில் கட்டணம் கட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் பங்கை யார் சுமப்பது என்று பெரிய சண்டை. ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள், சண்டை வந்த பிறகு தேடினால் நண்பர்களை இழப்பீர்கள்.

திரும்பி வந்து ஓடிய 5, தைரியமான ஓட்டம். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அவன் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு காலைப் பயிற்சியில் மறுபடியும் இரண்டு நாசியிலும் வந்தது. பயிற்சியாளர் அன்றே அறிவித்தார், அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ஐந்து வயதுகூட ஆகாமல் அவனுடைய பந்தய வாழ்க்கை முடிந்தது.

முடிந்த பிறகு என்ன என்பதை எங்கள் பத்துப் பேரில் யாரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற குதிரைகள் இறைச்சிக் கூடங்களில் முடிவதை 2019 அக்டோபரில் ஏபிசி தொலைக்காட்சி வெளிப்படுத்தியபோது நாடே அதிர்ந்தது. அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவன் நான். எனவே யாருக்குப் போகிறான் என்று தெரியாமல் என் கையெழுத்து கிடையாது என்று குழுவில் எழுதினேன். விக்டோரியாவில் ஆஃப் தி டிராக் என்ற திட்டம் இருக்கிறது, ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்கி வேறு வீடு தேட வழிகாட்டுவது. அதன் மூலம் பழக்குநர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். பழக்கும் செலவில் என் பங்கு சில நூறு டாலர். நான் கட்டியதிலேயே மனம் நிறைந்து கட்டிய பணம் அது. இப்போது ஒரு பள்ளி மாணவி அவனை மெதுநடையில் ஓட்டுகிறார். முழு வேகம் இல்லையென்றால் நுரையீரலுக்கு ஆபத்து குறைவு என்று மருத்துவர் சொன்னார்.

சென்ற மாதம் வேறொரு முகவர் புதிய குட்டி ஒன்றின் படங்களை அனுப்பினார். அழகான குட்டி. நான் நான்கு கேள்விகள் எழுதி அனுப்பினேன். ஏல விலை என்ன? ஓடாத மாதங்களையும் சேர்த்து, முதல் இரண்டு வருடத்துக்குப் பங்குக்கு எவ்வளவு ஆகும்? ஒரு பங்காளி பணம் கட்டாவிட்டால் யார் பொறுப்பு? குதிரை ஓய்வுபெற்றால் அதற்கு வீடு தேடும் செலவுக்குத் தொடக்கத்திலேயே தனியாகப் பணம் எடுத்து வைப்பீர்களா? முதல் மூன்றுக்கும் மறுநாளே விளக்கமாகப் பதில் வந்தது. நான்காவதற்கு இதுவரை வரவில்லை, அதனால் நானும் பணம் அனுப்பவில்லை.